அவிட்டத்தில் சொன்ன ‘ம்’

அத்தான் அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகுதான் இறந்தார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினோம். நம்புவதென்று முடிவு செய்தோம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். அவர் அத்தானின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். கையை மெல்ல உயர்த்த முயன்று, அது இணங்க மறுப்பதைக் கவனித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் பிரிந்திருக்கும், ஒரு மணி வாக்கில் இருக்கலாம் என்றார். ஆனால் மூன்று மணிக்கு அக்கா அவரோடு பேசியிருக்கிறாள். அவரும் பதில் சொல்லியிருக்கிறார். முழுச் சொல்லாகக்கூட இல்லாத பதில், ஒரே ஓர் எழுத்து: ‘ம்’.

அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் அவர் இறந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைத்தோம்.

இந்தப் பக்கத்தில் அக்காள் கணவரை மாமா என்று அழைப்பதே பெருவழக்கு. எங்கள் அப்பா தெற்கிலிருந்து வேலைக்காக வந்து தாம்பரத்தில் தங்கிவிட்டவர். அவரோடு வந்த சொற்களில் பலவும் உதிர்ந்துபோக, அத்தான் என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்லி அழைக்க எனக்கு ஒருவர்தான் இருந்தார்.

அவர் கடற்கரை நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். பணிக்காலம் முழுவதும் மின்சார ரயில்தான். தாம்பரத்தில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்த இடத்தில் அவருக்குக் கதைகள் கிடைத்தன. முன்பின் அறியாதவர்கள்கூடக் குரோம்பேட்டை வருவதற்குள் அவரிடம் தங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள் என்று அக்கா கேலி செய்வாள். அவர் அறிவுரை சொன்னதில்லை. தன் கதையைக் குறுக்கே நுழைத்ததில்லை. உம் கொட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அந்த உம் ஒன்றாக இருந்ததில்லை. மேலே ஏறி நின்றால் ‘அப்புறம்?’ என்று பொருள். தாழ்ந்து இறங்கினால் ‘புரிகிறது, போதும், இனி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று பொருள். மூக்கோடு நின்றுவிடுகிற ஒன்று உண்டு. அது வந்தால் அவர் நம்பவில்லை என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

நான் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். சேலையூரில் தனியாக வசித்தேன். ஞாயிறு மாலைகளில் முடிச்சூருக்குப் போய், அந்த வாரம் படித்த நாவலின் கதையை அத்தானுக்குச் சொல்வேன். அவர் ஒரு புத்தகத்தையும் பிரித்தவரில்லை; ஆனால் என் வழியாக ஓர் அலமாரிப் புத்தகங்கள் அவருக்குள் போயிருக்கும். ஒருமுறை கதையின் நடுவே அவர் குறட்டை விடுவதைக் கவனித்தேன். இரண்டு குறட்டைகளுக்கு இடையே, சரியான இடத்தில், ‘ம்’ வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்திவிட்டேன். கண்ணைத் திறக்காமலேயே அவர் கேட்டார்:

“அந்தப் பொண்ணு கிணத்தடியில நிக்கறா. அப்புறம் என்னாச்சு?”

தூங்கிக்கொண்டே உம் கொட்டக்கூடியவர் என்பது அன்றிலிருந்து குடும்பத்தில் நிலைபெற்ற வேடிக்கை ஆனது. அக்கா அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனாள். விருந்தினர் யாராவது இருக்கும்போது சொல்வாள்:

“கட்டையில போறப்பக்கூட யாராவது பக்கத்துல வந்து பேசினா, ‘ம்’னு சொல்லிட்டுத்தான் போவார் இந்த மனுஷன்.”

அத்தான் உடனே, “ம்” என்பார். எல்லோரும் சிரிப்போம்.

அவர்கள் முடிச்சூரில் வீடு வாங்கியபோது சுற்றிலும் பாதி மனைகள் காலியாக இருந்தன. அதற்கு முன் அது வயல். முதல் மாடியில் அவர்கள் ஃபிளாட். கீழே வண்டி நிறுத்துமிடம். அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது நான் அங்கே இருந்தேன். காலையில் தெருவில் கணுக்காலளவு இருந்த தண்ணீர், சாயங்காலத்துக்குள் கீழ்த்தளத்தை முழுவதுமாக மூடிவிட்டுப் படிக்கட்டில் ஏறத் தொடங்கியது. மின்சாரம் இல்லை. அக்கா பத்திரங்களையும் மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அத்தான் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து, மோவாயைக் கையில் தாங்கி, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். தண்ணீர் கம்பியில் மோதி, சுவரைத் தடவி, ஒரு படி ஏறும். அவர் ‘ம்’ என்பார். சிறிது இடைவெளி விட்டு அடுத்த படி. மறுபடியும் ‘ம்’.

“யாரோட பேசறீங்க?” என்று அக்கா அதட்டினாள்.

“அது சொல்லிக்கிட்டே வருது,” என்றார். “எந்த எந்த வழியா வந்துச்சுன்னு. பழைய வழியெல்லாம் ஞாபகம் வச்சிருக்கு.”

அன்று அவர் குரலில் பயம் இல்லை. அந்த இல்லாமைதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் படகில் ஏறும்போதுகூட, பாதி சொல்லிக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டு வருகிறவர்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அக்காவுக்கு அந்த வீடு ஆகவில்லை. வானம் கறுத்தால் தூக்கம் போய்விடும். அவர்களுடைய ஒரே மகன் பெங்களூரில் பெரிய வீடாக வாங்கி, அதில் ஓர் அறையை இவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். போய்விடலாம் என்று அக்கா ஒவ்வொரு ஐப்பசியிலும் ஆரம்பிப்பாள். உலகத்தில் எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் உம் கொட்டிய அத்தான், இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் வாய் திறந்ததில்லை. மறுத்ததும் இல்லை. அக்கா பேசி முடிக்கும்வரை சும்மா இருப்பார். பிறகு எழுந்து மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். அவருடைய மௌனத்தோடு சண்டை போட அவளால் முடியவில்லை. அவர் இறப்பதற்கு முந்தைய நாள், நீங்கள் வராவிட்டால் நான் தனியாகவே போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். இரவு இருவரும் பேசிக்கொள்ளாமலே சாப்பிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் மதியமும் அப்படித்தான். வத்தக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு அவர் உள்ளறையில் படுத்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கட்டிடத்தில் குடியிருப்போர் சங்கத்தின் ஏற்பாடாக மூன்று மணிவரை தண்ணீர் மோட்டார் ஓடும். ஓடும்போது சுவரெல்லாம் அதிரும். நின்றதும் காது அடைத்துக்கொண்டதுபோல ஓர் அமைதி வரும். அந்த அமைதியில் அக்காவுக்கு மனம் இளகியிருக்கிறது. காயிலிருந்து கண்ணை எடுக்காமல், கதவுப் பக்கம் திரும்பாமல் சொல்லியிருக்கிறாள்:

“சரி. நாம எங்கேயும் போக வேணாம். இங்கேயே இருந்துடலாம்.”

‘ம்’ என்று வந்தது. தாழ்ந்து இறங்குகிற ‘ம்’. புரிகிறது, போதும்.

அக்கா கொஞ்ச நேரம் அழுதாளாம். பிறகு மிச்சக் காயையும் முடித்து, காபி கலந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் சேலையூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சான்றிதழ் எழுத உட்கார்ந்திருந்தார். களைத்த, கனிவான மனிதர். ஒரு மணி வாக்கில் இருக்கும் என்று அவர் சொன்னதும் அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். மோட்டார் நின்றதை, தான் பேசியதை, பதில் வந்ததை வரிசையாகச் சொன்னாள். என்ன பேசினாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அதை என்னிடம்தான் சமையலறையில் சொன்னாள். டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்:

“அப்போ எத்தனை மணின்னு போடட்டும்மா?”

“மூணரை,” என்றாள் அக்கா.

அவர் அப்படியே எழுதினார்.

அந்த மூன்றரையில்தான் எல்லாம் தொடங்கியது. காரியங்களுக்காகக் கோயில் அய்யரைத் தொலைபேசியில் அழைத்தபோது, அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அன்று இரண்டு மணிக்குச் சற்று முன்பு திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்துவிட்டது. திருவோணத்தில் போயிருந்தால் ஒன்றும் இல்லை. அவிட்டத்தில் போனால் அடைப்பு. இறந்த அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். தினமும் அந்தியில் கதவருகே விளக்கேற்றி ஒரு செம்பு தண்ணீர் வைக்க வேண்டும். அதுவரை உயிர் அந்த இடத்தைவிட்டுப் போகாது என்பது ஐதீகம்.

பெங்களூரிலிருந்து வந்திறங்கிய மகனுக்கு இது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவன் நியாயமாகத்தான் பேசினான். இரண்டே படுக்கையறை, ஒன்றை ஆறு மாதம் பூட்டினால் எப்படி? டாக்டரே ஒரு மணி என்கிறார்; அதையே அய்யரிடம் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சுலபம். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவன் முடிக்கும்வரை கேட்டாள்.

“ஒரு மணிக்கே உங்கப்பா போயிட்டாருன்னா, மூணு மணிக்கு எனக்குப் பதில் சொன்னது யார்றா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னாலும், அக்கா கடைசியில் விட்டுக்கொடுத்த அந்த ஒரு வாக்கியம் யாருடைய காதிலும் விழாமல் போய்விடும். அவள் அறையைப் பூட்டச் சொன்னது சாஸ்திரத்துக்காக அன்று. பூட்டிய அறை ஒன்று வீட்டில் இருக்கும்வரை, அவர் அவிட்டத்தில்தான் போனார் என்பது உறுதி. அவிட்டத்தில் போனார் என்றால் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூட்டினோம். பூட்டும் அத்தானுடையதே. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. மூடிப்போன ஒரு தோல் கிடங்கின் பூட்டு என்று விற்றவர் அதன் வரலாற்றை விரிவாகச் சொல்ல, அத்தான் நின்று உம் கொட்டிவிட்டு, பேரம் பேசாமல் வாங்கி வந்தார். உள்ளங்கையைவிடப் பெரியது. சாவியை ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பினால்தான் திறக்கும். அதற்கென்று தச்சரை அழைத்து நாதாங்கி அடித்தோம். பூட்டிய பிறகுதான் மகனுடைய லேப்டாப் சார்ஜர் உள்ளே இருப்பது தெரிந்தது. அக்கா திறக்க மறுத்துவிட்டாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே மேற்குத் தாம்பரம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். அத்தானின் மூக்குக் கண்ணாடியும் உள்ளேயே இருந்தது. அது அவருக்கு வேண்டியிருக்கும் என்றாள் அக்கா, மிக இயல்பாக.

மகன் திரும்பிப்போனான். அடைப்பு முடிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தான். அதுவரை துணைக்கு நான் முடிச்சூருக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தியில் அக்கா அகலை ஏற்றிக் கதவுக்கு வெளியே வைப்பாள். பக்கத்தில் செம்பு. காலையில் தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். காற்றிலும் விளக்கின் சூட்டிலும் தண்ணீர் வற்றும் என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மிச்சத்தை நான் மாடிச் செடிகளுக்கு ஊற்றினேன்.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் பார்க்க வந்தார். எங்கள் கட்டிடம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். கதவையும் பூட்டையும் விளக்கையும் பார்த்துவிட்டு, ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரிடம் சொல்லும் தோரணையில் சொன்னார்:

“எங்க மாமனாரும் அவிட்டத்துலதான் போனாரு. அப்போ மண்ணு வூடு. பின்பக்க சுவத்த இட்ச்சி, அந்த வழியா எட்த்துகினு போனோம். வாசப்படி வழியா போனா, வழி தெரிஞ்சிகினு திரும்பி வந்துடுமாம்.” பிறகு படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “நீங்க படிக்கட்டு வழியாவே எறக்கினீங்க. அந்தப் படிக்கட்டு அவருக்குத் தெரியாததா இன்னா?”

வெள்ளத்தன்று அத்தான் உட்கார்ந்திருந்த உச்சிப்படி எனக்கு நினைவுக்கு வந்தது. அக்கா காபி எடுத்துவர உள்ளே போனதும் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க அக்கா கதவாண்ட நின்னுகினு பேசுது. நான் எங்க வூட்டு மாடிலேர்ந்து பாத்தேன். வேணான்னு சொல்லும்மா. பேசினா, பதில் சொல்லணும்னு அதுக்கும் இருக்கும்ல?”

உண்மைதான். அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தாள். விளக்கேற்றிய பின் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். காஸ் வந்துவிட்டது, கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று சாதாரணச் செய்திகள். நான் மேசையில் புத்தகத்தோடு இருப்பேன். அழுதுகொண்டு பேசியிருந்தால் தடுத்திருப்பேன். அவள் அழவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கணவனிடம் பேசும் குரலில், கொஞ்சம் அலுப்போடு, பேசினாள். இடையிடையே நிறுத்தினாள். நிறுத்தங்கள் சரியான நீளத்தில் இருந்தன.

கார்த்திகை மழையில் ஒரு மாலை மின்சாரம் போய்விட்டது. தெருவில் தண்ணீர் ஓடியது, படி ஏறவில்லை. மழை சட்டென்று விட்டது. அகல் வெளிச்சத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மழை நின்னுடுச்சுங்க,” என்றாள். “தண்ணி இந்தத் தடவை மேலே வரல.”

‘ம்’.

எனக்குக் கேட்டது. அதற்கு மேல் எதையும் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து, தாழ்வாக, வாயைத் திறக்காமல் நெஞ்சிலிருந்து வருகிற ஒலியாக. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கை நிற்கவில்லை. துண்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள். அவள் முகத்தில் வியப்பின் நிழல்கூட இல்லாததைக் கண்டபோது, அவளுக்கு இது முதல் தடவை இல்லை என்று புரிந்தது.

படிப்பு மனிதரை எதற்குப் பழக்குகிறதோ இல்லையோ, காரணம் தேடப் பழக்குகிறது. குளிர்பெட்டியின் முனகல், குழாயில் அடைபட்ட காற்று, மேல்வீட்டுத் தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை, எதுவும் முற்றாகப் பொருந்தாமலும் இல்லை. ஒருநாள் பிற்பகல் அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். மோட்டார் நின்றது. நான் எழுந்து போய்க் கதவருகே நின்றேன். சோதித்துப் பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பழைய ஞாயிற்றுக்கிழமைகளில்போல, அப்போது படித்து முடித்திருந்த நாவலின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். குரல் முதலில் கூசியது, பிறகு சரியாகிவிட்டது. வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பிவந்து கதவைத் தட்டும் இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தினேன்.

ஒன்றும் இல்லை. தெருவில் ஓர் ஆட்டோ போனது. நான் நிம்மதியோடும், அதைவிடப் பெரிய ஏமாற்றத்தோடும் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகு வந்தது. மேலே ஏறி நிற்கும் ‘ம்’. அப்புறம்?

நான் தொடரவில்லை. அந்தக் கதையின் முடிவை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

சித்திரையில் அடைப்பு முடிந்தது. மகன் வந்தான், அய்யர் வந்து புண்ணியாகவாசனத்துக்கு எல்லாம் எடுத்து வைத்தார். பூட்டு திறக்கவில்லை. மகன் தேங்காய் எண்ணெய் விட்டுப் போராடிக்கொண்டிருந்தான். அக்கா அவன் கையிலிருந்து சாவியை வாங்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பினாள். திறந்துகொண்டது.

முதலில் நெடி. பிறகு சிறகடிப்பு. ஏ.சி. வைப்பதற்காகக் கட்டியபோதே விட்டிருந்த சதுரத் துளையை அத்தான் ஓர் அட்டையால் மூடி வைத்திருந்தார். அட்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இரும்பு அலமாரியின் தலையில், குச்சிகளுக்கு நடுவே, ஒரு புறா உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அதன் கழுத்து உப்பியது.

‘ம்ம்’ என்றது.

அக்காவின் மகன் சிரித்துவிட்டான். ஆறு மாதக் கவலை இறங்கிய சிரிப்பு. கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வருவதை அம்மா தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்பது அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது.

“பாத்தியாம்மா? இதுதான் உனக்குப் பதில் சொல்லிட்டு இருந்திருக்கு.”

சொல்லி முடித்த பிறகே, தான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. அக்கா புறாவைப் பார்த்தாள். பிறகு, அலமாரியை ஒட்டியிருந்த கட்டிலைப் பார்த்தாள்.

“அது எப்பலேர்ந்து இருக்குன்னு பாரு,” என்றாள்.

அவன் ஸ்டூலைப் போட்டு ஏறினான். கூடு ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தது. அடியில் இருந்தது கெட்டிப்பட்டு, சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்டதா, அதற்கும் முந்தையதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அன்று மதியமும் இந்தப் புறா இங்கே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அவன் இறங்கி வந்து, “தெரியலம்மா,” என்றான், மிகச் சின்னக் குரலில்.

நான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரை, நாற்காலி, ஜன்னல் திட்டு, சார்ஜர் கிடந்த மேசை எங்கும் எச்சமும் இறகும். கட்டிலின் மேல் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. விரிப்பு, நாங்கள் உதறிப் போட்டபடி வெள்ளையாக இருந்தது. மின்விசிறியின் இறக்கை மறைத்திருக்கலாம். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அக்கா அந்த விரிப்பின் மேல் போய் உட்கார்ந்தாள்.

மகன் அவள் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னான். இனி இங்கே எதற்கு, ஜூனில் மறுபடி வேலை நெருக்கும், இப்போதே டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று. அப்பா கேட்டாரோ என்னவோ, அதற்காக நீ இங்கே கட்டுண்டு கிடக்க வேண்டாம் என்றும் சொன்னான். அதைச் சொல்வதற்கு அவனுக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும். நான் அக்காவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு மாதம் ஒரு பூட்டைக்கொண்டு அவள் காத்து வைத்திருந்தது இப்போது அவள் கையில் இல்லை. அவள் உடைந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் தலையணைக்குப் பக்கத்திலிருந்த அத்தானின் கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

“அவர் சொன்னாரோ, புறா சொல்லிச்சோ. அது இனிமே யாருக்கும் தெரியாது. ஆனா சொன்னவ நான்தானே? இங்கேயே இருந்துடலாம்னு நான்தானே சொன்னேன்?” கண்ணாடியை மடக்கினாள். “சொன்னது சொன்னதுதான்டா.”

அவன் அப்பாவின் மகன்; எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, “சித்தி, நீங்க?” என்று மட்டும் கேட்டான். சேலையூர் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் விரிப்பை ஒரு முறை தடவியது.

கூட்டில் முட்டையோ குஞ்சோ இல்லை. அவன் அந்தப் புறாவையும் அதன் ஜோடியையும் விரட்டி, கூட்டை எடுத்து, அறையைக் கழுவிவிட்டான். கொத்தனார் ஒருவர் வந்து துளையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். பால்கனிக்கு வலை கட்டினார்கள். புறாக்கள் இரண்டு நாள் வலைக்கு வெளியே அலைந்துவிட்டு எங்கோ போய்விட்டன. மகனும் ஊருக்குப் போனான். பூட்டைப் பழைய சாமான்களோடு போடச் சொன்னேன். அக்கா அதைத் துடைத்து, அலமாரியில் அவர் சட்டைகளுக்குக் கீழே வைத்தாள். அந்த அறையில் இப்போது அவள் தூங்குகிறாள்.

நல்ல மனிதர்கள் போன பிறகு அவர்களைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் அவர்கள் பேசியவையாக இருக்கும். அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அவர் பேசியதாக எனக்கு நினைவிருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. மீதி முழுவதும் நாங்கள் பேசியவை. என் வாழ்வின் பெரும்பகுதியை நான் அவரிடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் ஓர் அந்தி. அக்கா சமையலறையில் இருந்தாள். நான் மேசையில், மடியில் புத்தகத்தோடு. மோட்டார் இல்லை, தெருச்சத்தம் இல்லை. யாரிடம் என்று இல்லாமல், அடுப்பைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள்:

“விளக்கேத்திடட்டுமா?”

‘ம்’.

அக்கா தீப்பெட்டியோடு வெளியே வந்தாள். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். அவள் ஒன்றும் கேட்காமல் விளக்கை ஏற்றினாள்.

துளை அடைபட்டுவிட்டது. வலையும் கட்டியாயிற்று. அது நான் சொன்ன ‘ம்’மாகத்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது அக்காவும் நானும் மட்டுமே இருக்கிறோம்.